தாய்மாமன் கூப்பிடும் கடற்கரை: ஏழு வயதுப் பையனோடு போகலாமா?

கேள்வி: போச்சம்பள்ளி பக்கம் எங்கள் ஊர். தம்பி அமெரிக்காவில் சியாட்டிலில் வேலை பார்க்கிறான். வரும் மே மாத விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு அங்கே போகிறோம். ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் கடற்கரையில் மூன்று நாள் முதுகில் பையைச் சுமந்து நடக்கலாம், இரவில் கடலோரத்திலேயே டென்ட் போட்டுத் தூங்கலாம் என்று திட்டம் போட்டு வைத்திருக்கிறான். தேர்டு பீச்சில் ஆரம்பித்து ஆயில் சிட்டியில் முடிகிறதாம், 27 கி.மீ. பெண்ணுக்கு 11 வயது, பையனுக்கு 7. இரண்டு பேரும் கடலைப் பார்த்ததே மகாபலிபுரத்தில் ஒரே ஒரு முறைதான். என் மாமியாருக்கு 64 வயது, முட்டிவலி உண்டு. ‘என்னை விட்டுட்டுப் போவீங்களா’ என்று இப்போதே கேட்கிறார். கரடி இருக்கும் என்கிறார்கள். எனக்குச் சுனாமி பயமும் இருக்கிறது. சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. போகலாமா, வேண்டாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகப் போகலாம். தாய்மாமன் ஆசையோடு கூப்பிடுகிறார், பிள்ளைகளுக்கும் நடக்கிற வயதுதான். ஆனால் அவர் சொன்ன வழி மட்டும் வேண்டாம்.

தேர்டு பீச்சிலிருந்து ஆயில் சிட்டி போகும் வழி அழகானது. நடந்து பழகிய பெரியவர்கள் நாலு பேர் கேட்டிருந்தால் யோசிக்காமல் போகச் சொல்லியிருப்பேன். அங்கே மணல் தொடர்ச்சியாக இருக்காது. நடுநடுவே பாறை முனைகள் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். சிலவற்றை நீர் வற்றிய நேரத்தில் அடிவாரமாகச் சுற்றிவிடலாம். டெய்லர் பாயின்ட், ஹோ ஹெட் போன்றவற்றை எப்போதுமே சுற்ற முடியாது. கயிற்றையும் ஏணியையும் பிடித்து மேலே காட்டுக்குள் ஏறி, சேற்றில் நடந்து, மறுபக்கம் இறங்க வேண்டும். இடையில் வரும் ஓடைகளைத் தண்ணீரில் இறங்கித்தான் கடக்க வேண்டும். மழை பெய்தால் அந்த ஓடைகளும் ஏறிவிடும். முதுகில் பத்துப் பன்னிரண்டு கிலோ சுமையோடு நீங்கள் கயிற்றில் தொங்கும்போது பையனை யார் பிடிப்பது? நடு வழியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தால் காருக்கு வந்து சேரவே ஒரு நாள் ஆகலாம். பிள்ளைகளோடு போகும் பயணங்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: எந்த இடத்திலிருந்தும் எவ்வளவு சீக்கிரம் வெளியே வர முடியும்?

அதனால் ஓஸெட் போங்கள். அதே பூங்காவின் வட பகுதியில், ஓஸெட் ஏரிக்கரையிலிருந்து இரண்டு பாதைகள் காட்டுக்குள் பிரிகின்றன. ஒன்று கேப் அலாவாவுக்கும் இன்னொன்று சாண்ட் பாயின்டுக்கும் போகிறது. இரண்டுமே ஐந்து கிலோமீட்டர் அளவுதான், ஏற்றம் மிகக் குறைவு. இரண்டு முனைகளுக்கும் இடையே கடலோரமாக இன்னொரு ஐந்து கிலோமீட்டர். மூன்றையும் சேர்த்தால் முக்கோணமாக 15 கி.மீ. வரும். கடலோரத்தில் எங்கே நின்றாலும் பக்கத்து முனைக்குப் போய்க் காட்டுப் பாதையைப் பிடித்தால் காருக்குப் போய்விடலாம். நல்ல உடம்போடு இருந்தால் இரண்டு மூன்று மணி நேரம், அழுகிற பிள்ளையோடு இன்னும் கொஞ்சம் கூடும்.

முக்கோணத்தை முழுசாக முடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உங்களுக்கு நான் சொல்வது: சாண்ட் பாயின்டில் டென்ட் போட்டு, இரண்டு இரவும் அங்கேயே இருங்கள். முதல் நாள் பையோடு ஐந்து கிலோமீட்டர் நடந்து போய்ச் சேருங்கள். நடு நாளில் சுமையெல்லாம் டென்டிலேயே இருக்கட்டும். தண்ணீர், தின்பண்டம், மழைக்கோட்டு மட்டும் எடுத்துக்கொண்டு வடக்கே பழைய பாறைச் செதுக்கல்கள் உள்ள வெட்டிங் ராக்ஸ் வரை போய் வரலாம், போக மட்டும் சுமார் மூன்று கிலோமீட்டர்தான். மூன்றாம் நாள் வந்த வழியே திரும்புங்கள். தினம் ஒரு இடத்தில் டென்டைப் பிரித்து, மடித்து, சுமந்து, மறுபடி கட்டுவது பெரியவர்களுக்கே அலுப்பு. ஏழு வயதுப் பையனுக்கோ நடப்பதே ஒரு வேலைதான். அவன் நண்டைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் ‘வா, வா, நேரமாகுது’ என்று இழுக்க வேண்டிய அவசியம் இந்தத் திட்டத்தில் இல்லை. தம்பிக்கு இது ரொம்பச் சின்னதாகத் தெரியலாம். அவர் நண்பர்களோடு இன்னொரு முறை ஆயில் சிட்டி போகட்டும்.

இனி கடல் விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், தம்பிக்கும் படித்துக் காட்டுங்கள்.

சென்னையிலோ மகாபலிபுரத்திலோ கடல் ஏறுவதும் வற்றுவதும், அதாவது ஓதம், நம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. பெரிய ஓத நாளில்கூட வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான் இருக்கும். ஓஸெட் பக்கம் சாதாரண நாளிலேயே அது இரண்டரை மீட்டர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மூன்று மீட்டரையும் தாண்டும். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், அதிலும் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. நேரம் தினமும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். காலையில் அகலமான மணலாகக் கிடந்த இடத்தில் மதியம் அலை பாறையில் மோதிக்கொண்டிருக்கும். ஆகவே ‘எப்போது கிளம்பலாம்’ என்று கேட்க வேண்டியது ஓத அட்டவணையிடம். அந்தக் கடலோரத்துக்கு லா புஷ் என்ற ஊரின் அட்டவணையைப் பார்ப்பார்கள். அளவுகள் அடியில் இருக்கும். நேரம் கோடைக்கால நேரப்படி கணக்கிடப்பட்டதா என்று மட்டும் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள், சில அட்டவணைகளில் ஒரு மணி நேரம் முன்பின்னாக இருக்கும். பூங்காவின் வரைபடங்களில் எந்த முனையை நீர் எத்தனை அடிக்குக் கீழே இருக்கும்போது கடக்கலாம் என்று எண் போட்டிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், பெரிய கணக்கு இல்லை. உங்கள் பெண்ணிடமே கொடுக்கலாம். பதினோரு வயதில் இதைப் பார்த்து ‘அம்மா, நாளைக்கு எட்டு மணிக்குக் கிளம்பணும்’ என்று சொல்லும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வெட்டிங் ராக்ஸ் போகும் நாளில், மிகக் குறைந்த வற்ற நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கிளம்பிவிடுங்கள். போகும்போது நீர் இறங்கிக்கொண்டிருக்கும், திரும்பும்போதும் இடம் இருக்கும். ஒருவேளை நீர் ஏறிவிட்டால் பாறையைச் சுற்ற முயலாதீர்கள். கறுப்பும் சிவப்பும் கலந்த வட்டப் பலகை மரத்தில் மாட்டியிருந்தால் அங்கே மேலே காட்டு வழி இருக்கிறது என்று அர்த்தம். இல்லையென்றால் உயரமான இடத்தில் உட்கார்ந்து பொரியைத் தின்றுகொண்டு காத்திருங்கள், கடல் தானே இறங்கும்.

தேதி பார்க்கும்போது நம் தினசரிக் காலண்டர் உதவும். மே, ஜூன் மாதங்களில் அந்தக் கடலோரத்தில் பெரிய வற்றம் காலை வேளையில் வருகிறது. அமாவாசையை அல்லது பௌர்ணமியை ஒட்டிப் போனால் காலையில் பாறைக் குட்டைகளில் நட்சத்திர மீன், கடல் சாமந்தி எல்லாம் பிள்ளைகள் குனிந்து பார்க்கிற தூரத்தில் கிடைக்கும். அதே நாட்களில் பெரிய ஏற்றமும் வரும் என்பதால் டென்டை மணலில் போடக்கூடாது. மரங்களுக்கு உள்ளே, ஏற்கெனவே டென்ட் போட்டுப் பழகிய சமதளங்கள் உண்டு, அங்கே போடுங்கள்.

கரடியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் பயப்படுவது மரக்கட்டைக்கு. ஆறுகளில் அடித்து வந்த முழு முழு மரங்கள் அந்தக் கரை நெடுக ஒதுங்கிக் கிடக்கின்றன. பிள்ளைகள் பார்த்தவுடன் ஏறி ஓடத்தான் ஆசைப்படுவார்கள். மேலே காய்ந்து கிடப்பதில் உட்காரலாம். அலை தொடும் இடத்தில் கிடப்பதன் பக்கமே போகக்கூடாது. எத்தனையோ டன் எடையுள்ள மரத்தை ஒரு முழங்கால் அலை சாதாரணமாகப் புரட்டிவிடும், அப்படி ஆட்கள் இறந்திருக்கிறார்கள். தண்ணீரும் நம் கடல் போல வெதுவெதுப்பாக இருக்காது. சுமார் பத்து டிகிரிதான். மகாபலிபுரத்தில் ஓடிப் போய் விழுந்த மாதிரி இங்கே விழ முடியாது, உடம்பு உடனே விறைத்து மூச்சு திணறும். கணுக்கால் வரைக்கும் நனைக்கலாம், பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும், போட்டோ எடுப்பதற்காகக்கூடக் கடலுக்கு முதுகைக் காட்டக்கூடாது. இந்த மூன்றையும் இங்கே வீட்டிலேயே பலமுறை சொல்லிப் பழக்கிவிடுங்கள்.

கறுப்புக் கரடிகள் அந்தக் காட்டில் இருப்பது உண்மைதான். கடலோரத்தில் உணவுக்காக டென்ட் பக்கம் வந்து தொல்லை கொடுப்பது பெரும்பாலும் ரக்கூன்கள், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை உள்ள சின்ன விலங்குகள். ஜிப்பைத் திறக்கத் தெரிந்த விரல்கள் அவற்றுக்கு. அதனால் அந்தக் கடலோரம் முழுவதும் உணவைக் கரடி டப்பா என்னும் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில்தான் வைக்க வேண்டும் என்பது பூங்காவின் விதி. டப்பாவே ஒரு கிலோவுக்கு மேல் எடை. வாசனை உள்ள எல்லாமே அதற்குள் போக வேண்டும்: பற்பசை, சோப்பு, உங்கள் மாமியாரின் தைலம், தேங்காய் எண்ணெய் உட்பட. உங்கள் குடும்பத்துக்கு ஒரு டப்பா போதாது.

சாப்பாட்டுக்கு நம் வீட்டுச் சமையலறையே போதும். வறுத்த ரவையில் தாளித்த உப்புமா கலவை, புளிக்காய்ச்சல், அவல், வேர்க்கடலை உருண்டை, நிப்பட்டு. காலையில் ராகிக் கஞ்சி. களி கிண்டலாம் என்று நினைக்காதீர்கள், அந்தச் சின்ன அடுப்பில் பாத்திரம் நிற்காது, கேஸும் தீர்ந்துவிடும். கேஸ் குப்பியை விமானத்தில் கொண்டு போக முடியாது, அங்கே வாங்கிக்கொள்ளலாம். சாண்ட் பாயின்ட் பக்கம் விறகு மூட்டித் தீ வளர்க்கத் தடை இருக்கிறது, அதனால் அடுப்பை மட்டும் நம்புங்கள். மே மாதம் நம் மாம்பழக் காலம் ஆயிற்றே, தம்பிக்கு ஒரு பெட்டி எடுத்துப் போகக் கை பரபரக்கும். விமானப் பயணிகள் புதுப் பழங்களைக் கொண்டு போக அனுமதி இல்லை. மற்ற தின்பண்டங்களையும் மறைக்காமல் அதிகாரிகளிடம் சொல்லிவிடுங்கள். ஓடைத் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். இலைதழைகளின் சாயம் அது, அதனால் பயமில்லை. ஆனால் அதில் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கலாம் என்பதால் வடிகட்டியோ கொதிக்கவைத்தோதான் குடிக்க வேண்டும்.

குளிரை நம்மூர்க்காரர்கள் குறைத்து எடை போட்டுவிடுவார்கள். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆண்டு முழுக்கப் பெய்வது 800, 900 மில்லிமீட்டர். ஓஸெட்டுக்குத் தெற்கே உள்ள ஃபோர்க்ஸ் ஊரில் 3,000 மில்லிமீட்டர் அளவு பெய்கிறது. ஜூலை, ஆகஸ்டுதான் அங்கே காய்ந்த மாதங்கள். பள்ளி விடுமுறைக்குள் போயாக வேண்டும் என்றால் மே கடைசி வாரத்துக்குத் தள்ளுங்கள். அப்போதும் பகலில் பதினைந்து டிகிரி, கூடவே தூறலும் காற்றும் இருக்கும் என்றே நினைத்துக்கொண்டு போங்கள். பருத்தி உடை, ஜீன்ஸ் இரண்டும் வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். பாலியஸ்டர் டிராக் பேண்ட், கம்பளி அல்லது ஃப்ளீஸ் சட்டை, அதற்கு மேல் நல்ல மழைக்கோட்டு போதும். குடை காற்றில் நிற்காது. தூங்கும்போது போட ஒரு ஜோடி உடையும் சாக்ஸும் பிளாஸ்டிக் பையில் கட்டி, எது நடந்தாலும் நனையாமல் வைத்திருங்கள். ஓயாமல் பேசிக்கொண்டு வந்த பையன் திடீரென்று பேச்சை நிறுத்தி, கால் தடுமாறி நடந்தால் உடனே நின்று ஈர உடையை மாற்றுங்கள், இனிப்பாக ஏதாவது கொடுங்கள், சூடாகக் குடிக்க வையுங்கள். குளிர் ஏறுவது பெரும்பாலும் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

டென்ட், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு எல்லாம் சியாட்டிலில் வாடகைக்குக் கிடைக்கும், இங்கே காசைப் போடாதீர்கள். ஷூ மட்டும் இங்கேயே வாங்கி இப்போதிருந்தே போட்டு நடக்கட்டும். காட்டுப் பாதையில் பெரும் பகுதி சேறுக்கு மேல் மரப்பலகை அடித்த நடைபாதை. மழையில் அது எண்ணெய் தடவினாற்போல் வழுக்கும். மெத்தென்ற ரப்பர் அடி உள்ள ஷூ அதில் பிடிக்கும், பெரிய மலையேற்ற பூட்ஸ் சறுக்கும். பையன் சுமக்க வேண்டியது தண்ணீர், மழைக்கோட்டு, கழுத்தில் ஒரு விசில், அவ்வளவுதான். பெண்ணுக்கு அவள் எடையில் பத்தில் ஒரு பங்கு போதும்.

பயிற்சிக்கு வெளியூர் தேட வேண்டாம். வாரம் ஒரு நாள் ராயக்கோட்டைக் கோட்டை மலை அல்லது தீர்த்தமலை, பையில் கொஞ்சம் எடையோடு. மொட்டை மாடியில் ஓர் இரவு டென்ட் போட்டுப் படுக்க வையுங்கள். இருட்டில் டார்ச்சோடு கழிப்பறை போய்வருவது பிள்ளைகளுக்கு அங்கே புதிதாக இருக்கக்கூடாது. (முகாம் பக்கத்தில் குழிக் கழிப்பிடம் உண்டு, தண்ணீர் பாட்டிலும் ஒரு சின்ன மண்வெட்டியும் கையில் இருக்கட்டும்.) பழகுவதற்காக அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டுப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். யானைகள் நடமாடும் காடு, அனுமதியில்லாமல் உள்ளே தங்குவது குற்றமும்கூட.

சுனாமி பயம் நியாயமானதே. 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த யாருக்கும் அது இருக்கும். அந்தக் கடலோரத்துக்கும் அப்படி ஒரு வரலாறு உண்டு. 1700 ஜனவரி 26 அன்று அங்கே பெரும் பூகம்பம் வந்து, அதன் அலை ஜப்பான் வரை போயிருக்கிறது. மூன்று நாளில் அது வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு, ஆனாலும் செய்ய வேண்டியதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: தரை பலமாக ஆடினால் அறிவிப்புக்காகக் காத்திருக்காமல், டென்டையும் பையையும் போட்டுவிட்டு, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்நாட்டுப் பக்கம் உயரமான இடத்துக்கு நடந்துவிடுங்கள். அங்கே செல்போன் சிக்னலை நம்ப முடியாது. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்றைத் தம்பி வாடகைக்கு எடுத்தால் நல்லது.

வெட்டிங் ராக்ஸில் பார்க்க வேண்டியதைச் சொல்ல மறந்துவிடப் போகிறேன். கரையோரப் பாறைகளில் திமிங்கலம், மனித முகங்கள், ஒரு பாய்மரக் கப்பல் எல்லாம் செதுக்கப்பட்டிருக்கின்றன. மக்கா பழங்குடி மக்களின் முன்னோர் செதுக்கியவை. கேப் அலாவா பக்கத்தில் அவர்களுடைய ஓஸெட் கிராமத்தின் வீடுகள் சில நூறு ஆண்டுகளுக்கு முன் மண்சரிவில் அப்படியே புதைந்தன. 1970-இல் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் அகழ்ந்ததில் 55,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. சேறு மூடியிருந்ததால் மரச்சாமான், கூடைகூட மக்காமல் இருந்திருக்கிறது. அவை நியா பே ஊரில் மக்கா மக்களே நடத்தும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, திரும்பும் வழியில் கொஞ்சம் சுற்றிப் போனாலும் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். அகழாய்வு நடந்த மயிலாடும்பாறையும் நடுகற்களும் உள்ள மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அது தூரத்து விஷயமாகத் தோன்றாது. ஒன்று மட்டும்: நம்மூரில் நடுகல்லுக்கு எண்ணெயும் மஞ்சளும் பூசுவோம். அங்கே செதுக்கலைத் தொடக்கூடாது, சாக்பீஸால் கோடு இழுக்கக்கூடாது, கரையில் எது கிடைத்தாலும் எடுத்து வரக்கூடாது.

மாமியார் விஷயத்தை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், அவர் முட்டியே சொல்லட்டும். ஏப்ரலுக்குள் ஒரு நாள் ஊருக்குள் ஐந்து கிலோமீட்டர், கையில் கோலோடு, உங்கள் வேகத்தில் நடக்கட்டும். மறுநாள் காலை வழக்கம்போல எழுந்து வேலை பார்த்தால் சாண்ட் பாயின்டுக்கு அவரும் வரலாம், பை வேண்டாம். வழுக்கும் பலகையில் ஒருவர் அவர் பின்னாலேயே நடக்க வேண்டும். தரையில் படுத்து எழுவது சிரமம் என்றால் ஊதும் மெத்தை ஒன்றைத் தடிப்பாக எடுங்கள். மறுநாள் முட்டி வீங்கினால் அவருக்காகத் தனியாக ஒரு நாள் ஒதுக்கி, எல்லோருமாக ரூபி பீச் போங்கள். கார் நிறுத்தும் இடத்திலிருந்து சின்ன இறக்கம்தான், கடலுக்குள் தூண் தூணாக நிற்கும் பாறைகளை உட்கார்ந்தே பார்க்கலாம். ஓஸெட் போகும் மூன்று நாள் தம்பி வீட்டில் யாராவது அவரோடு இருக்கட்டும். காரிலோ ஏரிக்கரை முகாமிலோ தனியாக உட்கார வைத்துவிட்டுப் போக வேண்டாம்.

கடைசியாக, அனுமதிச் சீட்டு. ஓஸெட்டில் ஒரு இரவுக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. முன்பதிவு ரிக்ரியேஷன்.காவ் தளத்தில், கோடைக்கால இடங்கள் வசந்தத்திலேயே திறந்து வேகமாகத் தீரும், முக்கியமாக வார இறுதிகள். மே கடைசித் திங்கள்கிழமை அங்கே தேசிய விடுமுறை, அதையொட்டிய சனி, ஞாயிறையும் சேர்த்துத் தவிர்த்து வார நடுவில் கேளுங்கள். தேதி முடிவானதும் நீங்கள் போகும் மூன்று நாளைக்கான லா புஷ் அட்டவணையைத் தம்பியிடம் வாங்கி எனக்கு அனுப்புங்கள். நடு நாளில் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குள் டென்டுக்குத் திரும்ப வேண்டும் என்று குறித்துத் தருகிறேன். அதற்கு முன் உங்கள் பெண்ணும் ஒரு தடவை கணக்குப் போட்டு வைக்கட்டும், இரண்டும் ஒத்துப் போகிறதா பார்ப்போம்.